குறையோடு பிறந்த சிங்கக்குட்டி: காட்டில் என்ன ஆகும், கூண்டில் என்ன ஆகும்?

சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. சுருக்கம் இதுதான்:

'ஐயா, எங்ககிட்ட 18 வெள்ளாடு இருக்கு. மூணு வருசமா ஒரே கிடாதான். போன ஈத்துல ஒரு குட்டி, இந்த ஈத்துல ரெண்டு குட்டி, கீழ்த்தாடை குட்டையாப் பொறந்திருக்கு. காம்பைப் பிடிச்சுக் குடிக்க முடியல. புட்டிப்பால் கொடுத்துக் காப்பாத்திட்டு வர்றேன். வீட்டுக்காரர் தள்ளிவிட்டுடலாம்ங்கிறார். ஏழாவது படிக்கிற என் மகன், "காட்டுல சிங்கம் ஊனமாப் பொறந்தா என்னம்மா ஆகும்? மிருகக்காட்சி சாலையில பொறந்தா மட்டும் டாக்டர் பாப்பாரா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல. இந்தக் குட்டிகளை என்ன செய்யட்டும்?'

தாயின் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், மகனின் கேள்விக்குள்தான் தாயின் கேள்விக்கான முழுப் பதிலும் இருக்கிறது. அதனால் இந்த இதழில் சிங்கத்தில் தொடங்கி ஆட்டுப்பட்டிக்கு வருவோம்.

காட்டில் முதல் ஆறு வாரம்

பெண் சிங்கத்தின் சினைக்காலம் சுமார் மூன்றரை மாதம். ஒரு ஈற்றில் இரண்டு, மூன்று குட்டிகள் பிறக்கும். சில நேரம் நான்கும் உண்டு. குட்டியின் எடை ஒன்று, ஒன்றரை கிலோ இருந்தால் அதிகம். கண்கூடத் திறந்திருக்காது. ஈனும் நேரத்தில் தாய் கூட்டத்தை விட்டு விலகிப் புதருக்குள்ளோ பாறை இடுக்கிலோ போய்விடும். ஆறு முதல் எட்டு வாரம் வரை குட்டிகளை அங்கேயே மறைத்து வளர்க்கும். வாடை பிடித்துக் கழுதைப்புலி வந்துவிடக் கூடாது என்பதற்காகக் குட்டிகளை வாயில் கவ்வி அடிக்கடி இடம் மாற்றும். வேட்டைக்குப் போனால் குட்டிகள் மணிக்கணக்கில் தனியாகக் கிடக்க வேண்டும்.

மேலண்ணம் பிளந்து பிறந்த குட்டியை இந்த நிலையில் நினைத்துப் பாருங்கள். அதால் பாலை உறிஞ்ச முடியாது. குடித்த கொஞ்சமும் மூக்கு வழியாக வந்துவிடும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும். ஓரிரு நாளில் கதை முடிந்தது. கால் வளைந்து பிறந்த குட்டி பால் குடித்துத் தேறினாலும், எட்டாவது வாரத்தில் தாயின் பின்னால் கூட்டத்தோடு நடக்க வேண்டிய நாளில் பின்தங்கிவிடும். பார்வை சரியில்லாத குட்டி கழுதைப்புலியையோ எருமைக் கூட்டத்தையோ கண்டு ஒதுங்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும்.

குறையில்லாத குட்டிகளே ஆப்பிரிக்கச் சமவெளிகளில் பாதிக்கு மேல் இரண்டு வயதைத் தொடுவதில்லை. பசி, பகை விலங்கு, கூட்டத்தைக் கைப்பற்ற வரும் புதிய ஆண் சிங்கம் என்று எமன் பல உருவில் வருகிறான். அப்படிப்பட்ட இடத்தில் குறையோடு பிறந்த குட்டி தப்புவது மிக அரிது. காட்டில் ஊனச் சிங்கங்களை நாம் பார்ப்பதில்லை என்றால், அங்கே அவை பிறப்பதே இல்லை என்று பொருள் அல்ல. பிறக்கின்றன, நம் கண்ணில் படுமுன் போய்விடுகின்றன. காடு ஒரு முறம். பதரைப் புடைத்துத் தள்ளிவிடுகிறது. கொடுமைதான். ஆனால், அந்தக் குறை அடுத்த தலைமுறைக்குப் போகாமல் அங்கேயே நின்றும் விடுகிறது.

மூன்று காலோடு ஒரு சிங்கம்

'உகாண்டாவில் மூன்று கால் சிங்கம் ஒன்று இருக்கிறதே' என்று விவரம் தெரிந்த வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான். குயின் எலிசபெத் தேசியப் பூங்காவில் உள்ள ஜேக்கப் என்ற ஆண் சிங்கம், வேட்டைக்காரர்கள் வைத்த இரும்புப் பொறியில் சிக்கிப் பின்னங்கால் ஒன்றை இழந்தது. அதன்பின் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. 2024-ல் தன் சகோதரன் டிபுவோடு சேர்ந்து, முதலையும் நீர்யானையும் நிறைந்த கசிங்கா கால்வாயை நீந்திக் கடந்ததும் படம்பிடிக்கப்பட்டது. நீந்திய தூரம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்.

ஆனால், இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஜேக்கப் பிறக்கும்போது நாலு காலோடு பிறந்தது. நடக்கவும் பதுங்கவும் இரையை மடக்கவும் கற்றுக்கொண்ட பிறகுதான் காலை இழந்தது. துணைக்குச் சகோதரனும் இருந்தது. பிறவிக் குறை வேறு, பிறகு வந்த காயம் வேறு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஜேக்கப்புக்குக் குட்டி பிறந்தால் அதற்கு நாலு கால்தான் இருக்கும். வெட்டுப்பட்ட கால் வம்சத்தில் இறங்குவதில்லை. மரபணுவில் உள்ள குறைதான் இறங்கும். பட்டியில் ஒரு முடமான ஆட்டைப் பார்த்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: இது பிறந்ததா, வந்ததா?

கூண்டில் லண்டன் சொன்ன பாடம்

இப்போது கூண்டுக்கு வருவோம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் சிங்கக்குட்டிகள் ஈற்றுக்கு ஈற்று செத்துக்கொண்டிருந்தன. கால் எலும்பு வில்லாக வளைந்தது, முதுகு கோணியது, நடக்க முடியாமல் கிடந்தன. தொடர்ந்து 20 ஈற்றுக்கு மேல் இப்படிப் போயிற்று. பார்த்தவர்களுக்கு அது வம்சக்குறை போலத்தான் தோன்றியிருக்கும்.

1889-ல் ஜான் பிளாண்ட் சட்டன் என்ற மருத்துவர் அங்கே போய்ப் பார்த்தார். குட்டிகளுக்குக் கொடுத்தது எலும்பும் கொழுப்பும் இல்லாத குதிரை இறைச்சி. அதோடு நொறுக்கிய எலும்பும் காட் மீன் ஈரல் எண்ணெயும் சேர்க்கச் சொன்னார். மூன்று மாதத்தில் எலும்பு நோயின் அறிகுறிகள் மறைந்தன, குட்டிகள் பிழைத்தன. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. பின்னாளில்தான் அது சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் செய்த வேலை என்று உலகத்துக்குப் புரிந்தது.

அதாவது, குறை குட்டியில் இல்லை, தீவனத் தொட்டியில் இருந்தது. காட்டில் இந்தக் குறை வராது. தாய் கொண்டுவரும் இரையில் குட்டி எலும்பையும் சேர்த்துத்தான் கடிக்கும்.

ஈரல் இல்லாத இறைச்சி

இதே போல இன்னொன்று. கூண்டில் வளரும் இளஞ்சிங்கங்களில் சில தலையைச் சாய்த்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, குடித்தவன் போலத் தள்ளாடும். பின்மண்டை எலும்பு தடித்து வளர்ந்து சிறுமூளையை நெரிப்பதால் இது வருகிறது. பிறவி ஊனம் போலவே தெரியும். பெரும்பாலும் காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறை.

நாம் கேரட்டும் முருங்கைக்கீரையும் தின்றால் நம் உடம்பு அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளும். பூனை இனத்து உடம்புக்கு அந்த வேலை தெரியாது. சிங்கம் ஈரலிலிருந்துதான் அதைப் பெற வேண்டும். காட்டில் இரையை வீழ்த்தினால் வயிற்றைக் கிழித்து உள்ளுறுப்புகளை முதலில் தின்னும். கூண்டில் வெறும் சதையும் கோழிக்கறியும் மட்டும் போட்டால் அந்தச் சத்து கிடைக்காது. இஸ்ரேலில் இப்படிப் பாதிக்கப்பட்ட ஒரு சிங்கத்துக்கு மண்டை எலும்பை வெட்டி அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சையே செய்தார்கள். கொஞ்சம் ஈரல் செய்யும் வேலையை விட்டுவிட்டால், கடைசியில் கத்தி வைக்க வேண்டி வருகிறது.

ஆக, கூண்டுக்கு இரண்டு முகம். கூண்டே சில குறைகளை உண்டாக்குகிறது. அதே கூண்டுதான் குறையுள்ள விலங்கைக் காப்பாற்றவும் செய்கிறது. வேளைக்கு இறைச்சி, தடுப்பூசி, மருத்துவர், பகை இல்லாத இடம். காட்டில் ஆண் சிங்கம் 10, 12 வயதைத் தாண்டுவதே பெரிது. கூண்டில் 20 வயதையும் தாண்டுகின்றன. காட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காத குட்டியைக் கூண்டில் வருடக்கணக்கில் வாழ வைக்கலாம். அது நல்ல காரியம்தான். சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது.

சத்பீர் சிங்கங்கள்

பஞ்சாப் மாநிலம், சண்டிகர் அருகே சத்பீர் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. 1980-களில் அங்கே ஆசியச் சிங்கங்களோடு, சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்கள் கலந்துவிட்டன. கலப்பில் பிறந்தவை தங்களுக்குள்ளேயே மறுபடி மறுபடி சேர்ந்து பெருகின. எண்ணிக்கை கூடக்கூட உடம்பு தளர்ந்தது. பல சிங்கங்களுக்குப் பின்னங்காலில் வலு இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தது, சிறு காயம்கூட ஆற மறுத்தது.

அதிகாரிகள் எடுத்த முடிவை நாம் கவனிக்க வேண்டும். அவற்றைக் கொல்லவில்லை. பெருகவும் விடவில்லை. ஆண்களுக்குக் கருத்தடை செய்து இனப்பெருக்கத்தை நிறுத்தினார்கள். இருந்தவற்றுக்குத் தீனியும் மருந்தும் கொடுத்து, அவை தானாக மறையும்வரை பராமரித்தார்கள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். காட்டில் முறம் இயற்கையின் கையில் இருக்கிறது. கூண்டிலோ கொட்டகையிலோ அடைத்த நாளிலிருந்து அது நம் கைக்கு வந்துவிடுகிறது. உயிரைக் காப்பது நம் இரக்கம். அதன் வம்சத்தைப் பெருக்குவதா, வேண்டாமா என்பது நம் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காட்டிலும் வேலி உண்டு

'அப்படியானால் காட்டில் ரத்தக் கலப்புக் கோளாறே வராதா?' வரும். காடே வேலிபோட்ட பட்டியாக மாறினால் வரும்.

தான்சானியாவின் இங்கோரோங்கோரோ, பழைய எரிமலை ஒன்று உள்வாங்கியதால் உண்டான பெரும் பள்ளம். சுற்றிலும் சுமார் 600 மீட்டர் உயரச் சுவர். உள்ளே இரை ஏராளம். 1962-ல் பெருமழைக்குப் பின் கடிக்கும் ஈக்கள் பெருகி, அங்கிருந்த சிங்கங்களை வாட்டி எடுத்துவிட்டன. பத்துப் பதினைந்துதான் மிஞ்சின. பிறகு வெளியிலிருந்து வந்த சில ஆண் சிங்கங்களோடு சேர்ந்து மறுபடி பெருகின. தலை எண்ணிக்கை தேறிவிட்டது. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, பக்கத்துச் செரெங்கெட்டிச் சிங்கங்களைவிட இவற்றின் விந்தணுவில் கோளாறு அதிகமாக இருந்தது. நம் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களிலும் 1980-களில் இதையே கண்டார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பத்துகளாகச் சுருங்கி, அந்தச் சிறு கூட்டத்திலிருந்தே பெருகியவை அவை. 2025 கணக்கெடுப்பில் 891 இருக்கின்றன. எண்ணிக்கையில் பெரிய வெற்றி. ஆனாலும் எல்லாம் நெருங்கிய உறவு.

இதற்கு மருந்தும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் பூமா என்ற பெரும்பூனை இருக்கிறது. மலைச்சிங்கம் என்றும் சொல்வார்கள். 1990-களின் தொடக்கத்தில் 20, 30 தான் மிச்சம். வால் நுனி மடங்கியிருந்தது, ஆண்களில் பலவற்றுக்கு விதை இறங்கவில்லை, சிலவற்றுக்கு இதயத்தில் ஓட்டை. 1995-ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்தக் குறைகள் குறைந்தன. சில ஆண்டுகளில் எண்ணிக்கையும் மூன்று மடங்கானது. வெளி ரத்தம் செய்த வேலை அது.

நம் பட்டிக்கு வருவோம்

என் வீட்டுக் கதை ஒன்று. நான் வேளாண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். என் அம்மா பத்துப் பன்னிரண்டு ஆடு வைத்திருந்தார். ஒரு கிடாக்குட்டி தாடை குட்டையாகப் பிறந்தது. அம்மா சங்கில் பால் ஊற்றி, மடியில் போட்டு வளர்த்தார். 'அதுவும் ஒரு உசுருதானே கண்ணு' என்பார். குட்டி நன்றாகத் தேறி, பார்க்க லட்சணமான கிடாவாக நின்றது. பாசத்தில் அதையே பொலிகிடாவாக விட்டுவிட்டோம். இரண்டு வருடம் கழித்து, ஈற்றுக்கு ஒன்றிரண்டு அதே தாடையோடு விழுந்தன. புட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா விடிய விடிய உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா குட்டியை வளர்த்ததில் தவறே இல்லை. மரபியல் பாடம் படித்த நான், அதைப் பொலிக்கு விடாதே என்று சொல்லாததுதான் தவறு.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு குணத்துக்கும் குட்டி, தாயிடமிருந்து ஒரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒன்றும் வாங்குகிறது. இதுபோன்ற குறைகளில் பல, இரண்டும் கெட்டதாக இருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஆடு பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் குறையைச் சுமந்துகொண்டு திரியும். அப்படிப்பட்ட கிடாவுக்குப் பிறக்கும் பெட்டைகளில் சுமார் பாதி அதைச் சுமக்கும். ஒரே கிடாவை மூன்று வருடம் வைத்திருந்தால் அது தன் மகளோடு சேரும், பேத்தியோடும் சேரும். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால், நாலு குட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில் குறை வெளியே வரும். கடிதம் எழுதிய சகோதரியின் பட்டியில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

அவருக்கு என் பதில்:

முதலாவது, குட்டிகளைத் தள்ளிவிட வேண்டாம். புட்டிப்பாலைத் தொடருங்கள். மேய முடிகிறதா, அசை போடுகிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தேறினால் கிடாக்குட்டிக்கு ஆண்மை நீக்கம் செய்து கறிக்கு வளர்க்கலாம். பெட்டையையும் சினைக்கு விடாதீர்கள்.

இரண்டாவது, கிடாவை உடனே மாற்றுங்கள். உறவில்லாத வேறு பட்டியிலிருந்து, தாடை, பல், கால் எல்லாம் சரியாக உள்ள, இரண்டு விதையும் இறங்கிய கிடாவாகப் பார்த்து வாங்குங்கள். 20 முதல் 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும்.

மூன்றாவது, பழைய கிடாவைச் சந்தையில் 'பொலிக்கு ஆகும்' என்று சொல்லி விற்றுவிடாதீர்கள். கறிக்கு மட்டும் கொடுங்கள். நாலு காசு கூடக் கிடைக்கும் என்று பார்த்தால், நம் வீட்டுச் சங்கடம் இன்னொரு சகோதரி வீட்டுக்குப் போகும்.

அவர் மகனுக்கு என் பதில்: தம்பி, காட்டில் அந்தச் சிங்கக்குட்டியைக் காப்பாற்ற ஆள் இல்லை. கூண்டில் இருக்கிறார்கள். உன் வீட்டுக் குட்டிக்கு உன் அம்மா இருக்கிறார். நீ ஒரு நோட்டுப் போட்டு, எந்தக் குட்டிக்கு எந்தத் தாய், எந்தக் கிடா என்று எழுதி வா. பட்டிக்கு அதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை.

இதையொட்டிச் சில கேள்விகள்

கிடாவை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பெட்டைக்குட்டி எட்டுப் பத்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். தகப்பன் மகளோடு சேருமுன் மாற்றிவிட வேண்டும். ஒன்றரை, அதிகம் போனால் இரண்டு வருடம். பக்கத்து ஊர் நண்பரோடு கிடாவை மாற்றிக்கொண்டால் செலவும் இல்லை. ஆனால் அந்தக் கிடாவும் உங்கள் பட்டியில் பிறந்ததாக இருக்கக் கூடாது.

மாட்டுக்குச் சினை ஊசிதானே போடுகிறோம், அதிலும் இந்தச் சிக்கல் வருமா?

வரலாம். ஒரே காளையின் உறைவிந்தைத் தாய்க்கும் போட்டு, அதற்குப் பிறந்த கிடாரிக்கும் போட்டால் தகப்பனும் மகளும் சேர்ந்தது போலத்தான். ஊசி போடும்போது காளையின் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்தத் தாளைக் காட்டி வேறு காளையைக் கேளுங்கள்.

குறையோடு பிறந்தால் எப்போதும் வம்சக் கோளாறுதானா?

இல்லை. லண்டன் சிங்கக்குட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வறட்சியில் பல மாதம் பசுந்தீவனம் இல்லாமல் காய்ந்த தட்டை மட்டும் தின்ற சினைமாட்டுக்கு வைட்டமின் ஏ குறைந்து, பார்வையில்லாத கன்றோ வலுவில்லாத கன்றோ பிறக்கலாம். சினைக் காலத்தில் தினம் ஒரு கைப்பிடி பசுந்தழையாவது கொடுங்கள். தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேருங்கள். சினை பிடித்த முதல் ஒன்றரை மாதத்தில் ஆல்பெண்டசோல் குடற்புழு மருந்து கொடுக்கக் கூடாது. அது கருவைப் பாதித்து ஊனத்தை உண்டாக்கலாம். எந்தப் புழு மருந்து கொடுத்தாலும் சினை இருப்பதைச் சொல்லி வாங்குங்கள். ஒரே கிடாவின் குட்டிகளில், வெவ்வேறு தாய்க்கு, ஒரே மாதிரிக் குறை திரும்பத் திரும்ப வந்தால் வம்சத்தைச் சந்தேகியுங்கள். ஒரே பருவத்தில், கிடா வேறாக இருந்தும் பல தாய்க்கு வந்தால் தீவனத்தையும் மருந்தையும் சந்தேகியுங்கள்.

காவலுக்கு நாய்க்குட்டி வளர்க்கிறோம். எலும்பில்லாத கறிதான் போடுகிறோம். முன்னங்கால் வளைகிறதே?

சிங்கக்குட்டிக்கு வந்த அதே வியாதியாக இருக்கலாம். வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மருத்துவரிடம் காட்டி, வளரும் குட்டிக்கு ஏற்ற தீனியும் சத்து மருந்தும் கேளுங்கள். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.